என் கையால் செய்த கல்யாணக் கார்ட்

மனோவின் வீட்டு ஷோகேஸில், பீங்கான் கோப்பைகளுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கிண்ணங்களுக்கும் நடுவே ஒரு சிவப்புக் கார்ட் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பளபளக்கும் சிவப்பு. நடுவில் தங்க நிறத்தில் பெரிய பிள்ளையார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் காய்ந்திருந்தது.

மனோ என் சின்னம்மா மகள். பலாபத்வலயில் பெரிய ரோட்டை ஒட்டினாற்போல் அவள் வீடு. யாழ்ப்பாண பஸ் போகும்போதெல்லாம் ஷோகேஸ் கண்ணாடி கடகடவென்று ஆடும். சின்னம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். சின்னம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மனோ டீ ஊற்றக் குசினிக்குள் போனாள்.

எங்கே கார்டைக் கண்டாலும் எடுத்துப் புரட்டிப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. கண்ணாடியைத் தள்ளி எடுத்தேன். யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்கத்தான் திறந்தேன். உள்ளே என் அண்ணன் பெயர் இருந்தது. அண்ணி பெயர் இருந்தது. மணமகள் தர்ஷினி, என் அண்ணன் மகள்.

அந்தக் கல்யாணத்துக்குக் கார்ட் செய்தது நான். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெட்டி, அழுத்தி, ஸ்டாம்ப் குத்திச் செய்தேன். நான் செய்தது சந்தன நிறம். இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கசப்பு கூடிவிட்டதாம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். போன வாரம் இந்தப் பத்தியில், என் கணவர் இறந்த பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் போன் எடுத்தார். "நல்லா எழுதுறீங்க டீச்சர். ஆனா இவ்வளவு கசப்பு வேணுமா?" என்றார். பாகற்காயைச் சீனி போட்டுச் சமைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மாத்தளை டவுனில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இல்லை. கணவர் ஒரு காலையில் பாண் வாங்கப் பேக்கரிக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழும்பவில்லை. அண்ணன் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில். தர்ஷினி பாதி நாள் அங்கேயும் பாதி நாள் என் வீட்டிலுமாக வளர்ந்த பிள்ளை. அவளுக்குத் தலை பின்னிவிட்டது, சைக்கிள் பழக்கியது, ஓ லெவல் பரீட்சைக்கு விடியக்காலையில் எழுப்பிவிட்டது எல்லாம் நான்தான்.

அவர் போன பிறகு யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அதையும் சொல்லிவிடவேண்டும். சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றால் வாங்க, வாங்க என்பார்கள். கதிரை இழுத்துப் போடுவார்கள். ஆனால் குங்குமத் தட்டு என் வரிசைக்கு வரும்போது மட்டும் அதைக் கொண்டுவரும் பெண்ணுக்கு வேறு யாரோ ஞாபகம் வந்து, தட்டு அடுத்த வரிசைக்குத் தாவிவிடும். ஆரத்தி எடுக்க ஆள் தேடும்போது என்னைத் தாண்டித் தேடுவார்கள். கொஞ்ச நாளில் நானே சமையல் பக்கம் போய் உட்காரப் பழகிக்கொண்டேன். அங்கே வெங்காயம் உரிக்க எந்தக் கையும் ஆகும்.

ஆகவே தர்ஷினியின் கல்யாணத்தில் எனக்கென்று ஒரு இடம் இருக்குமானால் அது அந்தக் கார்ட்தான். மணவறைப் பக்கம் எனக்கு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கல்யாணத்தின் முதல் சேதி ஒவ்வொரு வீட்டுக்கும் என் கையிலிருந்து போகும் என்று நினைத்தேன். அதை நினைத்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று இப்போது எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

கட்டாரிலிருந்து வந்த மெஷின்

கார்ட் செய்யும் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஃபரீதாவால். டவுனில் ஃபேன்ஸி கடை வைத்திருக்கிறாள். அவள் கணவர் கட்டாரில் இருந்தபோது அவளுக்கு ஒரு மெஷின் அனுப்பினார். இடியப்ப உரலைப் படுக்கவைத்த அளவு. பக்கத்தில் ஒரு கைப்பிடி, நடுவில் இரண்டு உருளை. தடித்த பிளாஸ்டிக் தகடு இரண்டுக்கு நடுவே அட்டையையும் டை என்கிற கூர் விளிம்புள்ள உலோக அச்சையும் வைத்து உள்ளே தள்ளிக் கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பக்கம் பூவோ வளைவோ வெட்டுப்பட்டு வரும். டைக்குப் பதிலாக எம்பொஸ் ஃபோல்டருக்குள் அட்டையைச் செருகிச் சுற்றினால் வெட்டாது, உருவம் மேலெழும்பி வரும்.

ஃபரீதாவுக்குப் பொறுமை கிடையாது. இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு மெஷினைப் பெட்டியோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அக்கா, இது எனக்குச் சரிவராது. நீங்க செய்ங்க, நான் கடையில வெச்சு விக்கிறேன்" என்றாள். என் கணவர் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். பகல் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். யூடியூப் பார்த்துப் பார்த்துப் பழகினேன்.

மாத்தளை மழையில் இந்த வேலைக்கென்று ஒரு குணம் இருக்கிறது. ஈரக் காற்றில் அட்டை கொஞ்சம் இளகும். எம்பொஸ் பண்ண அது நல்லது, காகிதம் வெடிக்காது. ஆனால் வெட்டப் போனால் விளிம்பு பஞ்சு பஞ்சாக வரும். அதனால் மழை நாளில் எம்பொஸ், வெயில் நாளில் வெட்டு. வெட்டவேண்டிய அட்டைகளை அரிசி டின்னுக்குள் அரிசிக்கு மேலே வைத்து மூடிவிடுவேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தங்கப் பவுடர் தூவுகிறதற்கு முன்னால், பழைய சொக்ஸுக்குள் பேபி பவுடர் போட்டுக் கட்டி அட்டையை ஒற்றி எடுப்பேன். இல்லாவிட்டால் தங்கத் தூள் கண்ட இடத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

வெசாக்குக்குத் தாமரை. பெருநாளுக்கு உருவம் இல்லாமல் வளைவும் பிறையும். நத்தாருக்குப் பெத்லகேம் நட்சத்திரம். எல்லா ஆட்களும் வாங்கினார்கள். செய்தவளுக்குப் புருஷன் இருக்கிறாரா என்று ஒரு சிங்கள நோனாவும் கேட்கவில்லை, ஒரு முஸ்லிம் உம்மாவும் கேட்கவில்லை.

ஒரு தடவை யாருக்கோ புதுமனை புகுவிழாக் கார்ட். பிள்ளையார் வடிவத்தில் ஜன்னல் வெட்டித் தரச் சொன்னார்கள். வெட்டினேன். கார்டில் ஜன்னல் அழகாக வந்தது. ஆனால் வெட்டுப்பட்டு விழுந்ததெல்லாம் சின்னச் சின்னப் பிள்ளையார்! தும்புத்தடியால் கூட்ட முடியுமா? குப்பைக்குப் போட முடியுமா? ஒவ்வொன்றாகப் பொறுக்கி பிஸ்கட் டின்னில் போட்டேன். ஃபரீதா எட்டிப் பார்த்து, "அக்கா, உங்கட சாமி டின் நிறைய இரிக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு காலையில் குளித்துவிட்டுக் கொண்டுபோய் சுது கங்கை ஆற்றில் விட்டு வந்தேன். அத்தனை பிள்ளையாரையும் என் கைதான் அள்ளியது. அதில் ஒருவர்கூடக் குதித்து ஓடவில்லை.

மிளகுக் கொடி

தர்ஷினிதான் கேட்டாள். நான் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

நிச்சயம் முடிந்த கையோடு வந்து என் மேசைக் கதிரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அத்தை, என் கார்ட் நீங்கதான் செய்யணும். கடையில அடிக்கிற அந்த சிவப்புக் கார்ட் எனக்கு வேணவே வேணாம். பாத்தாலே மாத்தளைன்னு தெரியணும்" என்றாள்.

கல்யாணக் கார்டில் என் கை படலாமா என்று எனக்கே ஒரு தயக்கம். அதனால் அண்ணியிடம் நேராகவே கேட்டேன். அண்ணன் வீட்டுக் குசினியில், அவர் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "அண்ணி, நான் செஞ்சா பரவாயில்லையா? பிறகு யாராவது ஏதாவது சொல்லுவாங்க" என்றேன்.

"என்ன கமலா பேசுற? இந்தக் காலத்துல போய் யாரு அதெல்லாம் பாக்குறா? நீ செய்" என்றார் அண்ணி. தேங்காயிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

கோயில் வாசல் வளைவு மாதிரி மேல் விளிம்பு. கதவு இரண்டையும் திறப்பதுபோல நடுவிலிருந்து இரு பக்கமும் திறக்கும். மேலே சின்னப் பிள்ளையார் ஒருவரை ஸ்டாம்ப் குத்தி, தங்கப் பவுடர் தூவி, ஹீட் கன்னால் சூடு காட்டினேன். மண் மாதிரிக் கிடக்கும் தூள் ஒரு கணத்தில் உருகிப் பளிச்சென்று ஆகும். எத்தனை தடவை பார்த்தாலும் அது எனக்கு அலுக்காது. இரண்டு கதவின் ஓரத்திலும் மிளகுக் கொடி. அதற்கு ஸ்டாம்ப் எங்கும் கிடைக்காமல், வேலியில் படர்ந்த கொடியைப் பார்த்து வரைந்து நானே ரப்பரில் செதுக்கினேன். உள்ளே வைக்கும் தாளை மட்டும் கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்தோம்.

கைப்பிடி சுற்றிச் சுற்றித் தோள்பட்டை போய்விட்டது. இரவில் சித்தாலேப்ப தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பேன். விளிம்பில் ஒரு மயிரிழை பிசிறு இருந்தாலும் அந்த அட்டையை ஒதுக்கிவிட்டு வேறு வெட்டினேன்.

எல்லாம் முடிந்து பெட்டிகளில் அடுக்கிக் கொடுத்தபோது அண்ணி சொன்னார், "மஞ்சள் வைக்கிறத நாங்க பாத்துக்கிறோம், கமலா." சரி என்றேன். மஞ்சள் வைப்பது சுமங்கலிகள் வேலை, அது எனக்குத் தெரியாதா? அம்மன் காலடியில் முதல் கார்டை வைக்கக் கோயிலுக்குப் போனபோதும் என்னைக் கூப்பிடவில்லை. அதையும் நான் எதிர்பார்த்தே இருந்தேன். கார்ட் போகிறதல்லவா, நான் போகாவிட்டால் என்ன என்று இருந்துவிட்டேன்.

சிவப்புக் கார்ட்

மனோ டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். அந்தக் கார்ட் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"போன ஞாயித்துக்கெழம. அண்ணனும் அண்ணியும் தட்டோட வந்து வச்சிட்டுப் போனாங்க. ஏன்க்கா?"

"இது நான் செஞ்ச கார்ட் இல்லையே மனோ."

அவள் தட்டை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? தெரியும்னு நெனச்சேனே."

"என்ன தெரியும்?"

"சொந்தக்காரங்களுக்கும் கோயிலுக்கும் இது. கண்டியில குடுத்து அடிச்சாங்களாம். நீங்க செஞ்சது வெளியாளுங்களுக்கு. தர்ஷினியோட ஒஃபிஸ், அண்ணன் கூட வேலை செஞ்ச சிங்கள ஆளுங்க, டவுன்ல கடைக்காரங்க..." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மஞ்சள் வச்சுக் குடுக்குற கார்ட் பாருங்க. அதான் அண்ணி யோசிச்சிருக்காங்க. மொதக் கார்ட் அம்மன் காலடியில வைக்கணுமே."

"அம்மன் காலடியில வச்சது எது?"

"இதுதான்க்கா."

ஒரு பஸ் போனது. கண்ணாடி ஆடி நின்றது. நான் கார்டை இருந்த இடத்தில், இருந்த மாதிரியே சாய்த்து வைத்தேன்.

கண்டியில் அந்தச் சிவப்புக் கார்டை அடித்த மெஷினை ஓட்டிய ஆளின் மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். அட்டையை மடித்தது யார், ஒட்டியது யார், பெட்டியில் அடுக்கியவளின் புருஷன் எப்படிச் செத்தான் என்று கேட்டிருக்க மாட்டார்கள். முகம் தெரியாத கை என்றால் தோஷம் இல்லை. பிள்ளைக்குத் தலை பின்னிவிட்ட கைக்குத்தான் தோஷம்.

டீயைக் குடித்தேன். குடிக்காமல் எழும்பினால் மனோ அழுதுவிடுவாள் போல இருந்தது.

டவுனில்

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் ஃபரீதாவின் கடைக்குப் போய்விட்டது. கவுண்டரில், வருகிற போகிற எல்லார் கண்ணிலும் படும்படி, என் சந்தன நிறக் கார்ட் கதவு திறந்து நின்றது.

"அக்கா, உங்கட அண்ணன் வந்து தந்தாரு. என்ன வடிவு! பாக்குற எல்லாரும் எங்க செஞ்சதுன்னு கேக்குறாங்க" என்றாள் ஃபரீதா. அவளுக்கு வாயெல்லாம் பல்.

நான் கார்டின் மூலைகளைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. வெளியாளுக்கு எதற்கு மஞ்சள்?

அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டுக் கார்டை எடுத்து ஒரு தடவை மூடித் திறந்தாள். பிறகு, "எங்கட ஆக்கள்ள புருஷன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கணும், அது முடிஞ்சா முடிஞ்சதுதான் அக்கா. இதென்ன இப்படி ஆயுளுக்கும்?" என்றாள். அவள் ஆட்களிடமும் வேறு வேறு குறைகள் இருக்கும், அதை அவள்தான் எழுதவேண்டும்.

அன்று சாயந்தரமே தர்ஷினி போன் எடுத்தாள். மனோ சொல்லியிருக்கவேண்டும்.

"அத்தை, நான் எவ்வளவோ சொன்னேன். அம்மா கேக்கல. மாப்பிள்ளை வீட்டுல யாராவது பேசிடுவாங்கன்னு பயப்படுறாங்க. என் ஒஃபிஸ்ல எல்லாரும் உங்க கார்ட சுப்பர்னு சொல்றாங்க அத்தை. நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"பாதியில தெரியும்" என்றாள்.

பாதியில் என்றால், நான் சித்தாலேப்ப தேய்த்துக்கொண்டு படுத்த நாட்களில் அவளுக்குத் தெரியும். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வளைவு எவ்வளவு வடிவா வந்திருக்கு அத்தை" என்று சொன்ன நாட்களிலும் தெரியும். அண்ணி மேல் வந்த கோபத்தைவிட அது எனக்கு அதிகமாக வலித்தது. மனதில் வைக்காதே என்கிறாள். வேறு எங்கே வைப்பது?

எனக்கு வந்த அழைப்பு

எனக்கு இன்னும் அழைப்பு வைக்கவில்லை. கூடப் பிறந்தவளுக்குக் கடைசியில் வைப்பார்கள், உரிமைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணன் வந்தால் என்ன கேட்கவேண்டும் என்று சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு பின்னேரம் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் நல்ல சேர்ட், அண்ணி பட்டுச் சேலை. இன்னும் நான்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்று அண்ணி வந்ததுமே சொன்னார். தட்டு இல்லை. அண்ணி கைப்பையைத் திறந்து ஒரு உறையை எடுத்து அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் என்னிடம் நீட்டினார். உறையின் அளவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அளவுக்கு உறையை வெட்டியவள் நான்.

"இது வெளியாளுங்களுக்குக் குடுக்குற கார்ட் இல்லையா அண்ணா?" என்று கேட்டேன்.

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். அண்ணிதான் பேசினார். "நீ செஞ்சதாச்சே கமலா. உனக்கு இதுதான் பிடிக்கும்னு நான்தான் ஒண்ணு தனியா எடுத்து வச்சேன்."

"அப்ப அந்தச் சிவப்புக் கார்ட என் கையால தொடக்கூடாதா?"

"பாத்தீங்களா, இதுக்குத்தான் நான் சொன்னேன்" என்று அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"வேணாம்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே. கை வலிக்க வலிக்கச் சுத்தவிட்டுட்டு..."

"நீ ஆசையா கேட்ட. எப்படி வேணாம்னு சொல்றது?" என்றார் அண்ணி.

நான் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் பேசிவிட்டார்.

"கமலா, இங்க பாரு. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மாப்பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட, ஊரு உன்னத்தான் சொல்லும். இவ கை பட்ட கார்டுன்னு சொல்லும். அந்தப் பேச்ச உன்னால தாங்க முடியுமா? உன் நல்லதுக்குத்தான் செஞ்சோம்."

சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டியிருப்பேன், எனக்குத் திட்ட வரும். அண்ணன் நம்பித்தான் சொன்னார். ஊர் சொல்லப்போவதை ஊருக்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

டீ ஊற்றிக் கொடுத்தேன். அண்ணிக்குச் சீனி குறைவாக, அண்ணனுக்கு இஞ்சி தட்டிப் போட்டு. மண்டபத்தில் ஃபேன் போதாது என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். "நேரத்தோட வந்துரு, சமையல் பக்கம் ஒரு கண் பாக்கணும்" என்று அண்ணி வாசலில் நின்று சொன்னார். அண்ணன் என் தலையில் கை வைத்துவிட்டு இறங்கினார்.

கோப்பைகளைக் கழுவி வைத்த பிறகுதான் உறையை ஒழுங்காகப் பார்த்தேன். அண்ணனுக்கு முத்து முத்தான கையெழுத்து. உட்கார்ந்த இடத்தில் எல்லா உறையிலும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டே போயிருப்பார். என் பெயரை எழுதி, அதன் கீழே, "மற்றும் குடும்பத்தினர்" என்று எழுதியிருந்தார்.

என் குடும்பத்தினர் அப்போதுதான் டீ குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு அழைப்பு வைக்கப் போயிருந்தார்கள்.